பெயரை ஃபோர்க் செய்ய முடியாது

2002 செப்டம்பரில் மொஸில்லா குழுவிலிருந்து ஒரு சின்ன உலாவி வெளிவந்தது. பெயர் ஃபீனிக்ஸ். வீழ்ந்துபோன பழைய உலாவியான நெட்ஸ்கேப்பின் சாம்பலிலிருந்து எழுந்த பறவை என்று பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸ் என்ற நிரலை எழுதித்தரும் ஃபீனிக்ஸ் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனம் அதற்கு முன்பே இருந்தது. ஆட்சேபம் வந்தது. 2003 ஏப்ரலில் பெயரை ஃபயர்பேர்டு என்று மாற்றினார்கள். அங்கேயும் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார்: போர்லாண்டு நிறுவனம் 2000இல் திறந்துவிட்ட இன்டர்பேஸ் நிரலிலிருந்து பிரிந்து வளர்ந்த, ஃபயர்பேர்டு என்றே பெயர் கொண்ட தரவுத்தளம். அந்தக் குழுவினர் கொதித்துப்போனார்கள். கடைசியில் 2004 பிப்ரவரியில்தான் ஃபயர்பாக்ஸ் என்ற பெயர் வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் 1.0 பதிப்பு வெளியானபோது உலகம் கேட்டது அந்த உலாவியின் மூன்றாவது பெயரை.

இரண்டு அடியும் ஒரே மாதிரி இல்லை. முதலாவது நேரடியான டிரேட்மார்க் விவகாரம். இரண்டாவதில் உலாவி வேறு, தரவுத்தளம் வேறு என்று வாதாட இடம் இருந்தது. வாதாடி ஜெயித்திருக்கவும் கூடும். ஆனால் ஒரு சின்னக் குழு வருடக்கணக்கில் உழைத்துச் சேர்த்த பெயரை, பெரிய குழு ஒன்று வந்து மூழ்கடித்தால் என்ன ஆகும்? தேடுபொறியில் அந்தப் பெயரைப் போட்டால் உலாவிதான் வரும். தரவுத்தளத்தில் சிக்கல் என்று கேள்வி கேட்பவருக்கு உலாவியைப் பற்றிய பதில் கிடைக்கும். சட்டப்படி தப்பில்லாத ஒரு பெயர் பக்கத்து வீட்டுக்காரரை இப்படி நாசம் செய்ய முடியும் என்பதை மொஸில்லா கொஞ்சம் தாமதமாக ஒப்புக்கொண்டது.

திறமூல மென்பொருளில் நிரலை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம். பெயரை மட்டும் எடுக்க முடியாது. இது ஏதோ பின்னால் வந்து ஒட்டிய விதி அல்ல. 2004இல் வந்த அப்பாச்சி 2.0 உரிமத்தின் ஆறாவது பிரிவு, டிரேட்மார்க்கைப் பயன்படுத்த இந்த உரிமம் அனுமதி தரவில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. மூன்று நிபந்தனைகள் கொண்ட பிஎஸ்டி உரிமத்தில் மூன்றாவது நிபந்தனையே, மூல ஆசிரியர்களின் பெயரைச் சொல்லி உங்கள் பொருளை விளம்பரப்படுத்தாதீர்கள் என்பதுதான். எது திறமூலம் என்று வரையறுக்கும் ஓப்பன் சோர்ஸ் வரையறையின் நான்காம் அம்சம், மாற்றியமைத்த பதிப்புக்கு வேறு பெயர் வைக்கச் சொல்லி ஒரு உரிமம் நிபந்தனை போடலாம் என்கிறது. நியாயமும் இருக்கிறது. என் நிரலை ஒருவர் எடுத்து, அதில் வைரஸைச் சேர்த்து, என் பெயரிலேயே ஊருக்குக் கொடுத்தால் திட்டு எனக்குத்தான் விழும்.

அதனால்தான் திறமூலக் குழுக்கள் பிரியும்போது (நிரலை நகலெடுத்துத் தனித் திட்டமாகப் பிரிவதைத்தான் ஃபோர்க் என்கிறார்கள்) சண்டை நிரலுக்காக நடப்பதில்லை. நிரல் இரண்டு பக்கமும் அப்படியே இருக்கும். பெயர் ஒரு பக்கம்தான் போகும்.

ஈத்தரியல் கதையைப் பாருங்கள். நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளைப் பிரித்துப் பார்க்கும் கருவி. ஜெரால்டு கோம்ப்ஸ் 1998இல் வெளியிட்டார். நெட்வொர்க் வேலை பார்த்த அத்தனை பேரும் அறிந்த பெயராக அது வளர்ந்தது. 2006இல் அவர் வேறு நிறுவனத்துக்கு மாறினார். நிரலை எடுத்துப்போவதில் தடை இல்லை, அது கட்டற்ற உரிமத்தில் இருந்தது. ஆனால் ஈத்தரியல் என்ற டிரேட்மார்க் பழைய முதலாளியிடம் இருந்தது. எட்டு வருடம் வளர்த்த பெயரை விட்டுவிட்டு, வயர்ஷார்க் என்று புதிதாகத் தொடங்கினார். இன்றைக்கு ஈத்தரியல் என்றால் பழைய ஆட்களுக்கு மட்டும்தான் தெரியும், அதனால் இது நல்லபடியாக முடிந்த கதை. ஆனாலும் வேலை நேரத்தில் உருவாகும் கருவிக்குப் பெயர் வைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதில் இருக்கிறது: நாளைக்கு நான் இந்த அலுவலகத்தை விட்டுப் போனால் பெயர் யாரோடு போகும்?

எழுதிய நிரலைத் தானாகத் தொகுத்துச் சோதிக்கும் கருவியான ஜென்கின்ஸும் அதே வழியில் வந்ததுதான். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்தபோது கோசுகே கவாகுச்சி எழுதிய ஹட்சன், 2010இல் சன்னை ஆரக்கிள் வாங்கியதும் ஆரக்கிளின் கைக்குப் போனது. திட்டத்தை எங்கே வைத்து நடத்துவது என்பதில் தொடங்கிய சச்சரவு பெயர் யாருடையது என்பதில் வந்து நின்றது. 2011 ஜனவரியில் வாக்கெடுப்பு நடந்தது. பெயரை மாற்றுவதற்கு ஆதரவாக 214, எதிராக 14. ஹட்சன், ஜென்கின்ஸ் இரண்டுமே ஆங்கில வீடுகளில் பணியாளருக்கு இருக்கக்கூடிய பெயர்கள். முகம் மாறவில்லை, பெயர்ப் பலகை மாறிற்று. ஆட்கள் எல்லோரும் ஜென்கின்ஸ் பக்கம் போய்விட்டதால் பெயரை வென்ற ஆரக்கிளுக்கு அது ஒன்றுக்கும் உதவவில்லை.

எப்போதும் இப்படி நடக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஓப்பன் ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருள் இதற்கு நேர்மாறு. அதன் பிறப்பே பெயர்ச் சிக்கலோடுதான். ஓப்பன் ஆபீஸ் என்ற பெயர் வேறொருவரின் டிரேட்மார்க்காக இருந்ததால், பெயரோடு டாட் ஓஆர்ஜி என்பதையும் சேர்த்து 'ஓப்பன்ஆபீஸ்.ஓஆர்ஜி' என்றே அதிகாரபூர்வமாக எழுதினார்கள். யாராவது அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 2010 செப்டம்பரில் பெரும்பாலான ஆட்கள் பிரிந்து லிப்ரே ஆபீஸ் தொடங்கினார்கள். பழைய பெயர் 2011இல் அப்பாச்சி அறக்கட்டளைக்குப் போயிற்று. வேலை நடப்பது லிப்ரே ஆபீஸில். ஆனால் பழைய பெயரைக் கேள்விப்பட்டவர்கள் தொடர்ந்து பழையதையே தேடி இறக்கிக்கொண்டிருந்தார்கள். 2020 அக்டோபரில், ஓப்பன் ஆபீஸுக்கு இருபது வயது ஆனபோது, உங்கள் பயனர்களிடம் எங்களைப் பற்றியும் சொல்லுங்கள் என்று லிப்ரே ஆபீஸ்காரர்கள் வெளிப்படையாகக் கடிதம் எழுத வேண்டிவந்தது. பிரிந்து பத்து வருடம் கழித்து! நிரல் செத்தாலும் பெயர் தன் பாட்டுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டே இருக்கும்.

மைக்கேல் விடேனியஸ் தான் உருவாக்கிய தரவுத்தளத்துக்குத் தன் மூத்த மகள் மை பெயரில் மைஎஸ்கியூஎல் என்று வைத்தார். 2008இல் அது சுமார் நூறு கோடி டாலருக்கு சன்னிடம் போனது, பிறகு ஆரக்கிளிடம். அவர் மறுபடி ஃபோர்க் செய்தபோது, தன் மகளின் பெயரையே தன் தரவுத்தளத்துக்கு வைக்க முடியாத நிலை. இளைய மகள் மரியா கைகொடுத்தார்: மரியாடிபி.

கடந்த சில வருடங்களில் இந்த மாதிரிப் பிரிவுகள் அதிகமாகிவிட்டன. நிறுவனங்கள் உரிமத்தை மாற்ற மாற்ற, எலாஸ்டிக்சர்ச்சிலிருந்து 2021இல் ஓப்பன்சர்ச், சர்வர்களை அமைக்கும் டெராஃபார்மிலிருந்து 2023இல் ஓப்பன்டோஃபு, ரெடிஸிலிருந்து 2024இல் வால்கீ என்று புதுப் பெயர்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றிலும் நிரல் ஒரே நாளில் நகலானது. பெயரை மக்கள் மனதில் ஏற்ற மாதக்கணக்கில் ஆயிற்று.

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கும் மொஸில்லாவுக்கும் நடந்தது இன்னும் வேடிக்கை. டெபியன் தன் வழக்கப்படி ஃபயர்பாக்ஸில் சில திருத்தங்கள் செய்து வெளியிட்டது. ஃபயர்பாக்ஸ் சின்னத்தின் உரிமம் கட்டற்றதாக இல்லை என்று சின்னத்தை மட்டும் எடுத்துவிட்டது. சின்னமும் எங்கள் ஒப்புதலும் இல்லாமல் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று 2006இல் மொஸில்லா சொன்னது. சரி என்று டெபியன் அதே உலாவிக்கு ஐஸ்வீசல் என்று பெயர் சூட்டியது. நெருப்புக்கு எதிர் பனி, நரிக்கு எதிர் மரநாய். பத்து வருடம் அந்தக் கிண்டல் நீடித்து, 2016இல்தான் ஃபயர்பாக்ஸ் பெயர் டெபியனுக்குத் திரும்பியது. யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், இருவர் பக்கமும் இருந்தது என்றுதான் சொல்வேன்.

இவையெல்லாம் பெரிய கருவிகளின் கதைகள். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு சின்னக் கருவியை எழுதி முடித்துவிட்டு, என்ன பெயர் வைக்கலாம் என்று யோசிப்பவருக்கு இதெல்லாம் ஞாபகம் வராது. அவர் அர்த்தத்தைத் தேடுவார். கிரேக்கப் புராணத்தைப் புரட்டுவார், சங்க இலக்கியத்தைப் புரட்டுவார். என் கருத்தில் அர்த்தம் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். காலியாக இருக்கிறதா, தட்டச்சு செய்ய முடிகிறதா, தேடினால் கிடைக்கிறதா, காதில் கேட்டவர் சரியாக எழுதுவாரா என்ற நான்கையும் தாண்டி நிற்கும் பெயர்கள் மிகக் குறைவு. அவற்றிலிருந்து ஒன்றைப் பொறுக்கிக்கொண்டால் அர்த்தம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். டோஃபு என்றால் சோயா பனீர். சர்வர்களை அமைக்கும் கருவிக்கும் அதற்கும் என்ன உறவு? இப்போது யாரும் கேட்பதில்லை.

இந்த விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்தது சாம்பா பிறந்த விதம். விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிர ஆண்ட்ரூ ட்ரிஜெல் எழுதிய நிரலுக்கு முதலில் எஸ்எம்பி சர்வர் என்று பெயர் (எஸ்எம்பி என்பது அந்தப் பகிர்வு நடக்கும் நெறிமுறையின் பெயர்). அந்தப் பெயர் எங்களுடையது என்று ஒரு நிறுவனத்திலிருந்து தகவல் வந்தது. அவர் புத்தகம் எதையும் புரட்டவில்லை. யூனிக்ஸ் கணினியில் இருக்கும் அகராதிக் கோப்பில், எஸ்ஸில் தொடங்கி எம், பி இரண்டும் அதே வரிசையில் வரும் சொற்களை கிரெப் கட்டளையால் தேடினார். சால்மன்பெர்ரி, சாம்பா, சாடிம்பர், ஸ்க்ராம்பிள் போன்ற சில சொற்கள் வந்தன. அதில் சாம்பா ஜெயித்தது. நெறிமுறையின் மூன்றெழுத்தும் உள்ளே இருக்கிறது, சொல்லவும் எளிது, அந்தத் துறையில் வேறு யாரும் வைத்திருக்கவில்லை. எஸ்எம்பி சர்வர் என்ற பெயர் வேலையை விவரித்தது. விவரிக்கும் பெயரில் இருக்கும் தொல்லையே அதுதான்: அதே வேலையைச் செய்யும் எல்லோருக்கும் அதே பெயர் தோன்றும்.

அடுத்தவர் பெயரின் ஒரு துண்டை நம் பெயருக்குள் சேர்ப்பது அதைவிட மோசம். ஏஓஎல் நிறுவனத்தின் எய்ம் அரட்டைச் சேவைக்காகப் பிறந்த கெய்ம் என்ற மென்பொருளின் பெயருக்குள் அந்த எய்ம் ஒளிந்திருந்தது. ஏஓஎல்லோடு வருடக்கணக்கில் இழுபறி. 2007இல் பிட்ஜின் என்று மாறிய பிறகுதான் நிம்மதி. எந்தப் பெயருக்கு முன்னாலும் கே சேர்க்கும், லினக்ஸுக்குத் திரைச்சூழல் உருவாக்கும் கேடிஈ குழுவில் கேஇல்லஸ்ட்ரேட்டர் என்று ஒன்று இருந்தது. அடோபியின் இல்லஸ்ட்ரேட்டரை வைத்து 2001இல் ஜெர்மனியில் வக்கீல் கடிதம் வந்தது. பெயர் கோன்டூர் ஆயிற்று.

சட்டம் போதும், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலுக்கு வருவோம். கட்டளைவரிக் கருவியாக இருந்தால் பெயரைப் பயனர் ஒரு நாளைக்கு நூறு தடவை அடிப்பார். யூனிக்ஸ் முன்னோடிகள் எல்எஸ், சிபி, எம்வி என்று இரண்டெழுத்தில் நிறுத்தியது விளையாட்டுக்கு அல்ல; அன்றைய டெலிடைப் இயந்திரத்தில் ஒவ்வொரு விசையையும் அழுத்தி அடிக்க வேண்டும். சிக்கனம் சில சமயம் எல்லை மீறியதும் உண்டு. யூனிக்ஸை மறுபடி எழுதினால் என்ன மாற்றுவீர்கள் என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சனிடம் கேட்டபோது, கோப்பை உருவாக்கும் கிரியேட் என்ற அழைப்பின் கடைசியில் விட்டுப்போன ஈ எழுத்தைச் சேர்ப்பேன் என்றார்.

இரண்டெழுத்து, மூன்றெழுத்துப் பெயர்கள் எல்லாம் பல வருடம் முன்பே தீர்ந்துவிட்டன. 2005இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், நிரலின் மாற்றங்களைப் பதிப்பு பதிப்பாகக் காக்கும் தன் கருவிக்கு கிட் என்று பெயர் வைத்தபோது, உச்சரிக்கக்கூடிய ஒரு மூன்றெழுத்துக் கோவை, பரவலாகப் புழங்கும் எந்த யூனிக்ஸ் கட்டளைக்கும் இல்லாதது என்று விளக்கக் கோப்பில் எழுதினார். (ஆங்கிலக் கொச்சையில் கிட் என்றால் உதவாக்கரை ஆள்; தன்னைப் பற்றித்தான் பெயர் வைத்தேன் என்று அவர் அடித்த ஜோக் தனிக்கதை.) 'பரவலாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். குனு இன்டராக்டிவ் டூல்ஸ் என்ற, அதிகம் பேர் பயன்படுத்தாத ஒரு தொகுப்பு டெபியனில் கிட் என்ற பெயரில் ஏற்கெனவே இருந்தது. ஆகவே உலகையே மாற்றப்போகும் கிட், டெபியனில் சில வருடங்கள் கிட்-கோர் என்ற பெயரில் ஒண்டுக்குடித்தனம் செய்தது.

டெபியனின் கொள்கை ஆவணம் இதில் கறாரானது. வெவ்வேறு வேலை செய்யும் இரண்டு நிரல்கள் ஒரே பெயரில் இருக்கக் கூடாது. யார் விட்டுக்கொடுப்பது என்று உடன்பாடு வராவிட்டால், இரண்டின் பெயரையும் மாற்ற வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட்.ஜேஎஸ் இந்த விதியில் மாட்டிக்கொண்டது. நோட் என்ற கட்டளை அமெச்சூர் ரேடியோக்காரர்களின் ஒரு நிரலுக்கு முன்பே சொந்தம். 2012இல் விவகாரம் டெபியனின் தொழில்நுட்பக் குழு வரை போய், டெபியனில் அதன் கட்டளை நோட்ஜேஎஸ் என்றானது. இணையத்தில் இருந்த பாடங்கள் எல்லாம் நோட் என்று அடிக்கச் சொல்ல, டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டுவில் கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகள் அப்படியொரு கட்டளையே இல்லையே என்று விழித்த காலம் அது.

யார்ன் இன்னும் சமீபம். 2016 அக்டோபரில் ஃபேஸ்புக் அந்தப் பெயரில் ஒரு பேக்கேஜ் மேலாளரை (பேக்கேஜ் என்னும் நிரல் தொகுப்புகளை நிறுவித்தரும் கருவி) வெளியிட்டபோது, பெருந்தரவுக் கருவியான ஹடூப்பில் யார்ன் என்ற பெரிய பாகம் ஏற்கெனவே இருந்தது, கட்டளையும் அதே பெயர். டெபியனிலும் உபுண்டுவிலும் சிஎம்டிடெஸ்ட் என்ற பேக்கேஜுக்குள் மூன்றாவதாக ஒரு யார்ன். அவற்றின் நிறுவல் கட்டளையான ஏபிடியில் யார்ன் நிறுவச் சொன்னால் வந்து இறங்கியது அந்தச் சோதனைக் கருவி. ஜாவாஸ்கிரிப்ட் திட்டத்தைத் திறந்து யார்ன் என்று அடித்தால், சினாரியோ எதுவும் இல்லை என்று ஒரு புரியாத பிழைச் செய்தி வந்தது. நம்மூர் நிரலாளர்களில் இதைப் பார்க்காதவர் குறைவு. இமேஜ்மேஜிக்கின் கன்வெர்ட் கட்டளை விண்டோஸில் செய்ததும் இதுபோன்ற குழப்பம்தான்: அங்கே கன்வெர்ட் என்பது வட்டின் கோப்பு முறையையே மாற்றும் கட்டளை. படத்தை மாற்றப் போனவர் வட்டைத் தொடும் கட்டளையைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். ஏழாம் பதிப்பில் அவர்கள் மேஜிக் என்று ஒரே கட்டளையாக மாற்றிக்கொண்டது நல்ல முடிவு.

இதற்கு நல்ல தீர்வு, திட்டத்தின் பெயரையும் கட்டளையின் பெயரையும் பிரித்துவிடுவது. கோப்புகளுக்குள் சொற்களைத் தேடும் கருவி ஒன்று இருக்கிறது; ரிப்கிரெப் என்பது திட்டத்தின் பெயர். நீளமானது, தேடினால் அது மட்டும்தான் வரும். அடிக்க வேண்டியது ஆர்ஜி என்ற இரண்டே எழுத்து. அதற்கு முன்னோடியான சில்வர் சர்ச்சரும் அப்படியே. வெள்ளியின் வேதிக் குறியீடான ஏஜிதான் கட்டளை. போட்டியாளரான ஆக்கைவிட 33 சதவீதம் சின்னது, எல்லா விசைகளும் நடு வரிசையில் இருக்கின்றன என்று அவர்களே பெருமையடித்துக்கொண்டார்கள். அந்த ஆக்கும் டெபியனில் ஆக்-கிரெப் என்ற பெயரில்தான் ரொம்ப நாள் இருந்தது, அதே பழைய காரணத்தால்.

பெயர் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசை வேறு இருக்கிறது, பைத்தானில் அது அடிக்கடி உடையும். நிறுவும்போது சைகிட்-லேர்ன், நிரலில் அழைக்கும்போது எஸ்கேலேர்ன். நிறுவும்போது பைஒய்ஏஎம்எல், அழைக்கும்போது யாமல். புதிதாக வருபவர் எதை அழைக்கிறாரோ அதையே நிறுவப் பார்ப்பார். அதனால் எஸ்கேலேர்ன் என்ற பெயரிலும் ஒரு வெற்றுப் பேக்கேஜை வைத்து, சரியானதை நோக்கித் திருப்பிவிட வேண்டியிருந்தது.

திருப்பிவிட நல்லவர்கள் இல்லாத இடத்தில் திருடர்கள் உட்காருவார்கள். 2017இல் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பொதுப் பதிவகமான என்பிஎம்மில் கிராஸ்-என்வ் என்ற பிரபலமான பேக்கேஜின் பெயரில் நடுவே உள்ள சிறுகோட்டை எடுத்துவிட்டு, கிராஸ்என்வ் என்று ஒருவர் பதிவு செய்தார். அதை நிறுவியவர்களின் சூழல் மாறிகளில் இருந்த ரகசியங்கள் வெளியே போயின. 2019 டிசம்பரில் பைத்தான் பேக்கேஜ்களின் பதிவகமான பைபிஐயிலிருந்து நீக்கப்பட்ட ஒரு போலி, ஜெல்லிஃபிஷ் என்ற நிரல் நூலகத்தின் பெயரில் ஒரு சிறிய எல் எழுத்துக்குப் பதில் பெரிய ஐ எழுத்தைப் போட்டிருந்தது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே குச்சி. ஏறக்குறைய ஒரு வருடம் அது யார் கண்ணிலும் படவில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் இல்லாத பேக்கேஜ் பெயர்களைக் கற்பனை செய்து தருகிறார்கள், அந்தக் கற்பனைப் பெயர்களை முன்கூட்டியே பதிவு செய்து காத்திருக்கவும் முடியும். ஆகவே பெயரில் சிறுகோடு, அடிக்கோடு, எல்லும் ஐயும் பக்கத்தில் வருவது, இரட்டை எழுத்து ஆகியவற்றைத் தவிர்த்தால் உங்கள் பயனர்களுக்குக் காப்பு. பைபிஐ சிறுகோடு, அடிக்கோடு, புள்ளி மூன்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. என்பிஎம்மும் 2017க்குப் பிறகு நிறுத்தக்குறியில் மட்டும் வேறுபடும் புதுப் பெயர்களை விடுவதில்லை. பிழையாக அடிப்பவரைத்தான் எந்த விதியும் தடுக்க முடியாது.

பதிவகத்தில் முதலில் வந்தவருக்கே பெயர் என்பதும் முழு உண்மை அல்ல. 2016 மார்ச்சில் என்பிஎம்மில் கிக் என்ற பேக்கேஜை வைத்திருந்தவரிடம் கிக் மெசஞ்சர் நிறுவனம் பெயரைக் கேட்டது. அவர் மறுத்தார், என்பிஎம் அதை நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுத்தது. கோபத்தில் அவர் தன் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பேக்கேஜ்களையும் எடுத்துவிட்டார். அதில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலும் ஒன்று. அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான திட்டங்கள் உலகம் முழுக்க நின்றுபோயின. ஒரு பெயர்த் தகராறு இவ்வளவு தூரம் போனது இதற்கு முன்பு இல்லை.

தேடலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆர் என்ற ஓரெழுத்தைத் தேட முடியாததால், அந்த நிரல்மொழிக்காரர்கள் தங்கள் கேள்விகளுக்கு ஆர்ஸ்டாட்ஸ் என்று குறிச்சொல் போட்டுப் பிழைக்கிறார்கள். கூகுளின் கோ மொழியை எல்லோரும் கோலாங் என்று தேடுவது அதன் பழைய தள முகவரியின் புண்ணியம். கோ 2009 நவம்பரில் அறிமுகமான உடனேயே, அந்தப் பெயரில் ஆச்சரியக்குறியோடு ஒரு மொழியை முன்பே உருவாக்கியிருந்த பிரான்சிஸ் மெக்கேப் அதன் குறைபதிவேட்டில் ஒன்பதாவது பதிவாகத் தன் ஆட்சேபத்தை எழுதினார். ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து கூகுள் அந்தப் பதிவை மூடியது. காரணத்துக்கான இடத்தில் 'துரதிர்ஷ்டம்' என்று ஒரே சொல். மொஸில்லா எடுத்த முடிவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். க்னோம் என்ற லினக்ஸ் திரைச்சூழல் 2012இல் நாட்டிலஸ் என்ற கோப்பு மேலாளரை வெறும் ஃபைல்ஸ் என்றும், எபிஃபனி உலாவியை வெப் என்றும் மாற்றியது. திரையில் பார்க்க அழகு. அது செயலிழந்தால் என்னவென்று தேடுவது? இன்றைக்கும் பிழை தேடுபவர்கள் நாட்டிலஸ் என்றுதான் அடிக்கிறார்கள்.

வாயில் நுழையாத பெயருக்குப் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தளம் நல்ல உதாரணம். எங்கே நிறுத்தி எங்கே அழுத்துவது என்று யாருக்கும் தெரியாமல், மக்கள் போஸ்ட்கிரெஸ் என்றே அழைக்கிறார்கள்; சொல்ல எளிது என்பதால் அந்தச் செல்லப்பெயர் ஏற்கப்பட்டது என்று அதன் அதிகாரபூர்வ ஆவணமே சொல்கிறது. பிற மொழிக்காரர் காதில் எப்படி விழும் என்பதும் உண்டு. பிரான்ஸில் பிறந்த காக் என்ற கணிதச் சான்றுக் கருவி பிரெஞ்சில் சேவல்தான். ஆங்கிலம் பேசும் வகுப்பறைகளில் அந்த ஒலி ஆபாசமாக விழுந்து, குறிப்பாகப் பெண்களுக்குத் தர்மசங்கடமாகி, 2025இல் ராக் என்று மாறியது. கிம்ப் என்ற பட மென்பொருளின் பெயரும் ஆங்கிலத்தில் மாற்றுத்திறனாளிகளை இழிவாகச் சொல்லும் சொல். பெயரை மாற்றுவதையே முதன்மை நோக்கமாக வைத்து 2019இல் கிளிம்ப்ஸ் என்ற ஃபோர்க் தொடங்கி, உழைக்க ஆள் போதாமல் 2021இல் நின்றது. காக் குழு தானே மாற்றிக்கொண்டது, அதனால் நடந்தது. வெளியிலிருந்து பெயரை மட்டும் மாற்ற முயன்றால் முழு மென்பொருளையும் சுமக்க வேண்டிவரும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பைபிஐ போன்ற பதிவகங்கள் ரோமன் எழுத்து, எண், சில குறிகள் தவிர எதையும் ஏற்பதில்லை. எனவே தமிழ்ப் பெயர் ரோமனில் ஏற வேண்டும், அங்கே தமிழுக்கு ஒரே எழுத்துமுறை இல்லை. தமிழ் என்ற சொல்லையே மூன்று நான்கு விதமாக எழுதுகிறோம். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் நிரல்மொழியின் பெயர் தமிழில் மூன்றே எழுத்து, அருமையான பெயர். ரோமனில் ழகரத்துக்கு இசட்டும் எச்சும் போட்டதும், தமிழர் அல்லாதவர் எஜில் என்று வாசிப்பார். தமிழ்த் தட்டச்சு மென்பொருளான எ-கலப்பையின் பெயரில் இரட்டை பகரத்தை ஒருவர் விடுவார், ஒருவர் சேர்ப்பார். பைத்தானுக்கான ஓப்பன்-தமிழ் நூலகத்தின் பெயர் பாதி ஆங்கிலமாக இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. யார் அடித்தாலும் ஒரே மாதிரி வருகிறது. நிரலில் அதை அழைப்பது வெறும் தமிழ் என்ற பெயரில். ஆனால் அதன் உள்ளே சொல்திருத்தி என்று ஒரு பாகம் இருக்கிறது. வெளியே எளிய பெயர், உள்ளே மனம்போல் தமிழ் என்ற இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

முழுத் தமிழ்ப் பெயரே வேண்டும் என்றால், ழ, ள, ண, ற வராத, நெடில்-குறில் குழப்பம் இல்லாத சொல்லாகப் பாருங்கள். பாடம் என்று வைத்து ரோமனில் எழுதினால் படம், பதம், பாதம் எதுவாகவும் வாசிக்கலாம். நண்டு, வண்டி, சுண்டல் மாதிரிச் சொற்களில் ணகரம் இருந்தாலும் அடுத்து வரும் டகரம் காப்பாற்றிவிடுகிறது. கேட்டவுடன் எழுத வரும், எழுதியதைப் படிக்கவும் வரும். சங்க இலக்கியச் சொல்லைவிடச் சுண்டலுக்கு இந்த விஷயத்தில் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

பெயர் தோன்றியதும் பார்க்க வேண்டிய இடங்கள் பல இல்லை. பைபிஐ, என்பிஎம், நிரல்களை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளம், டெபியனின் பேக்கேஜ் தேடல், மேக்கிலும் விண்டோஸிலும் அதே பெயரில் கட்டளை இருக்கிறதா என்ற சோதனை. டிரேட்மார்க் பதிவேடுகளில் மென்பொருளுக்கு ஒன்பதாம் வகுப்பும், மென்பொருள் சேவைக்கு நாற்பத்திரண்டாம் வகுப்பும் பார்த்தால் போதும்; இந்தியப் பதிவேட்டையும் இணையத்தில் இலவசமாகத் தேடலாம். அப்பாச்சி அறக்கட்டளை தன்னிடம் புதிதாக வரும் ஒவ்வொரு திட்டத்தையும் இப்படி ஒரு பெயர்த் தேடல் செய்து, கிடைத்ததை எழுதிவைக்கச் சொல்கிறது. ஒரு நாள் மாலை வேலைதான். அப்புறம் தொலைபேசியில் ஒரு நண்பரிடம் பெயரைச் சொல்லி, எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அவர் எழுதியது உங்கள் பெயர் இல்லை என்றால், அந்தப் பெயர் வேண்டாம்.

இவ்வளவு பார்த்தும் மாற்ற வேண்டிவந்தால், சீக்கிரம் மாற்றுவதே மலிவு. கிட்ஹப்பில் பெயரை மாற்றினால் பழைய முகவரி புதியதற்குத் திருப்பிவிடும். பதிவகத்தில் பழைய பெயரை விட்டுவிடாமல், புதியதைக் கூப்பிடும் ஒரு வெற்றுப் பேக்கேஜை அங்கே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் காலி இடத்தில் யார் குடிவருவார்கள் என்று சொல்ல முடியாது. கடினமானது, மற்றவர்களின் நிரலுக்குள் போய் உட்கார்ந்துவிட்ட பெயர். மரியாடிபி தன் கட்டளைகளுக்குத் தன் பெயரைச் சூட்டிக்கொண்ட பிறகும் மைஎஸ்கியூஎல் என்ற கட்டளையை உடனே எடுக்க முடியவில்லை. எத்தனையோ ஸ்கிரிப்டுகள் அதை நம்பியிருந்தன. இப்போதெல்லாம் அதை அடித்தால் வேலையைச் செய்துவிட்டு, இது பழைய பெயர், இனி மரியாடிபி என்று அடியுங்கள் என்று ஒரு எச்சரிக்கை தருகிறது. பைத்தானின் பில்லோ அதைக்கூடச் செய்ய முடியாது. பிஐஎல் என்ற பட நூலகத்தின் கடைசிப் பதிப்பு வந்தது 2009இல். அதற்கு அடுத்த ஆண்டு ஃபோர்க்காகத் தொடங்கிய பில்லோவைத்தான் அதன்பின் எல்லோரும் நிறுவுகிறார்கள், ஆனால் நிரலின் முதல் வரியில் இன்றும் எழுதுவது பிஐஎல் என்று.